மூக்குக் குத்திய ஆண் குழந்தை

முதலில் பச்சைக் குழந்தையின் பாதத்தை வெதுவெதுப்பான துணியால் சூடாக்க வேண்டும். குதிகாலின் நடுவில் குத்தக் கூடாது, ஓரத்தில்தான் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த சொட்டு தானாகத் திரண்டு, அட்டையில் அச்சிட்ட வட்டத்துக்குள் இறங்க வேண்டும். பிழியக் கூடாது. பிறகு அட்டையை வெயில் படாத இடத்தில் கிடையாக வைத்து உலர்த்த வேண்டும்.

போன மாதம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர்களுக்கு, பிறவி நோய் கண்டறிய ரத்தம் எடுக்கும் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் என்பதால் என்னையும் அழைத்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அறையில் மின்விசிறிகள் ஆறு, ஓடியவை நான்கு. எனக்கு ஒரே கவலை. அட்டை உலரும்போது எறும்பு மொய்த்தால் என்ன செய்வார்கள்? மின்சாரம் போனால்? அனுப்பிய அட்டையைத் தபாலில் மழை நனைத்தால்? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பெரிசு ஆரம்பித்துவிட்டது என்பார்கள்.

பக்கத்தில் இருந்த இளம் செவிலியர் சரண்யா என் பக்கம் குனிந்தார்.

"சார், இந்த மாதிரி அபூர்வ நோயெல்லாம் நம்ம ஏரியாவுல இருக்குமா? உங்க சர்வீஸ்ல எத்தன பாத்தீங்க?"

என் வாழ்க்கையில் எதைப் பற்றி யார் "எத்தனை" என்று கேட்டாலும் உடனே பதில் வரும். அன்று வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மண்ணூர் ஏரிக்கரைப் பனியும், அதற்குள் ஒரு பொன் புள்ளியும் தெரிந்தன. நான் தூங்கிவிட்டதாக நினைத்து அவர் திரும்பிக்கொண்டார். அவருக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படித்தது, பயிற்சி பெற்றது, ஊர் ஊராக மாற்றலானது எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். என் வேலை எண்ணுவது. கொசுப்புழு இருக்கும் தொட்டிகள், குளோரின் போட்ட கிணறுகள், காய்ச்சல் கண்டவர்கள், பிறந்தவர்கள், இறந்தவர்கள். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தபின் எண்ணுவது கனவில் எண்ணுவதுபோல ஆகிவிட்டது. ஓர் அறையில் ஆறு பேர் இருப்பார்கள், பாய் மூன்று. ஷிப்ட் மாறினால் ஆள் மாறும், பாய் மாறாது. எந்நேரமும் அந்தப் பாயில் யாராவது தூங்கிக்கொண்டே இருப்பார்கள். தூங்கும் முகங்களை எண்ணிவிட்டு வெளியே வந்தால், அதே முகங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதுபோலத் தோன்றும். ஒருவரை இரண்டு முறை எண்ணிவிட்டேனோ, இன்னொருவரை விட்டுவிட்டேனோ என்ற பயம் என்னை விட்டு இன்றுவரை போகவில்லை.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் பத்மாசனி வந்தது அந்தக் காலத்தில்தான். மெலிந்த உடம்பு. மேசை இழுப்பறையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

"என்ன கணக்கு, இன்னிக்கு வழியில எத்தன பஸ்?"

"நாப்பத்தொண்ணு மேடம். அதுல ரெண்டுக்குப் பின்னாடி லைட் எரியல."

"அந்த ரெண்டையும் கவலப்பட்டு முடிச்சுட்டு உள்ள வாங்க."

ஒரு வயதுக்குள் குழந்தை இறந்தால் வீட்டுக்குப் போய் விசாரித்து எழுத வேண்டும். நாங்கள் அதை வாசலில் நின்று முடிப்போம். டாக்டர் அப்படிச் செய்ய மாட்டார். போனதும் தண்ணீர் கேட்பார். கொடுத்ததை முழுக்கக் குடிப்பார். தாய் உட்காரும்வரை உட்கார மாட்டார். உட்கார்ந்தால் தரையில்தான். "என்ன வியாதி?" என்று கேட்கவே மாட்டார். "கடைசியா நல்லா சிரிச்சது எப்ப?" என்பார். அங்கிருந்து மெதுவாக முன்னோக்கி வருவார். எப்போது பால் குறைந்தது, எப்போது அழுகை மெலிந்தது, கை கால் எப்போது சில்லென்று ஆனது, யார் முதலில் கவனித்தது. எல்லாம் முடிந்து எழுந்து, செருப்பில் கால் நுழைக்கும்போது ஒரு கேள்வி மிச்சம் வைத்திருப்பார்.

"இதுக்கு முன்னாடி?"

அதற்குத்தான் வீடு அமைதியாகும்.

எங்கள் படிவத்தில் இறப்புக் காரணங்களின் வரிசையில் கடைசியாக "மற்றவை" என்று ஒரு கட்டம் உண்டு. நிமோனியா இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, எடைக் குறைவு இல்லை என்றால் பேனா தானாக அங்கே போய்விடும். டாக்டருக்கு அந்தக் கட்டத்தைக் கண்டாலே ஆகாது.

"இந்த மற்றவைக்குள்ள எத்தன நோய் பேர் இல்லாம படுத்திருக்கு தெரியுமா கணக்கு? லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நோய்னு புஸ்தகத்துல இருக்கும். அந்த லட்சத்தையும் பஸ்ஸுல ஏத்தி ஒரகடத்துல இறக்கி விட்டுட்டாங்க. அப்ப அந்த ஒருத்தர் இங்கதானே இருக்கணும்?"

அந்த ஒருத்தர் மண்ணூரில் இருந்தார்.

சொட்டு மருந்து முகாம் முடிந்த மறுநாள் வீடு வீடாகப் போவோம். விட்டுப்போன குழந்தைக்குச் சொட்டு போட்டு, இடது கைச் சுண்டுவிரல் நகத்தில் மை வைத்து, வாசல் சுவரில் சாக்கட்டியால் குறி போட வேண்டும். ஆணா பெண்ணா என்று படிவம் கேட்காது. என் திருப்திக்காக நான் ஓரத்தில் பிரித்துக் குறித்துக்கொள்வேன். தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகள் வரிசை ஒன்றின் கடைசி அறையில், பாயில் ஒரு பச்சைக் குழந்தை. மூக்கில் மிளகில் பாதி அளவு பொன் கம்பி வளையம். கதவு வழியே வந்த வெளிச்சத்தில் அது மின்னியது. பெண் என்று ஒரு கோடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மாலையில் கிராம சுகாதார செவிலியர் லோகநாயகியின் கணக்கோடு என் கணக்கு ஒத்துப்போகவில்லை. லோகநாயகி மணிமங்கலத்துக்காரர். அவருடைய பகுதியில் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் முகமும் அவருக்குத் தெரியும்.

"இன்னா சார், மூஞ்சி வாடிக் கீது? கணக்குல ஒண்ணு ஒதைக்குதா?"

"உன் கணக்கவிட எனக்கு ஒரு பையன் கொறையுது. எனக்கு ஒரு பொண்ணு அதிகமா வருது."

"கடைசி ரூமா? பேச்சியம்மா புள்ள. நம்ம ஆஸ்பத்திரிலதான் பொறந்துது. நல்லா ஆம்பளப் புள்ள சார்! நீ பாட்டுக்குப் பொண்ணாக்கிட்டு வந்துட்டியே. மூக்கப் பாத்து எழுதுன ஒரே ஆளு நீதான்."

சிரித்து முடித்துவிட்டு அவரே யோசித்தார்.

"ஆனா சார், அந்தப் பொண்ணு தலைச்சன் புள்ளன்னு சொல்லுச்சு. வயித்துக் கோட்டப் பாத்தா எனக்கு அப்டித் தெரில. பிரசவத்துக்கு ஆத்தா வூட்டுக்கும் போவல. கார்டு எங்கன்னா, ஊர்ல கீதுன்னுது."

படிவத்துக்குத் தேவையில்லாத அந்த ஒரு கோட்டை அப்படியே விட்டிருக்கலாம். என்னால் முடியாது. தவறான கோடு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரிப் பக்கம் அப்படி ஒரு பனியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சாலை இல்லை, மரம் இல்லை. கம்பெனி பஸ்களின் விளக்குகள் மட்டும் இரண்டிரண்டாக மிதந்து வந்து, என்னைக் கடந்ததும் கரைந்துபோயின. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி, நீருக்குள் போகிறவர்கள்போல, சத்தமில்லாமல் போனார்கள். அன்று நான் பஸ்களை எண்ணவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

கடைசி அறையில் பேச்சியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள் கை கால் உதைத்த குழந்தை துணிபோலக் கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது.

"பால் குடிக்கான் சார். நல்லா இழுத்துத்தான் குடிக்கான். குடிச்சதெல்லாம் கக்கிருதான். நாளுக்கு நாள் கறுத்துக்கிட்டே வேற போறான்."

கணவர் இசக்கிமுத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக் குடும்பம். அப்போதுதான் இரவு ஷிப்ட் முடித்து, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் வாடகை கேட்க அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. ஆட்டோவில் நால்வரையும் ஏற்றினேன். நால்வர் என்று எழுதும்போதுதான் கவனிக்கிறேன், என்னையும் சேர்த்துத்தான் நால்வர்.

டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. மார்புக் காம்பையும் கவட்டையும் பார்த்தார். வயதுக்கு மீறிய கறுப்பு. லோகநாயகியை சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி?"

பேச்சியம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. "இதான் மொதப் பிள்ள."

"சரியாச் சொல்லும்மா. நீ சொல்றத வச்சுத்தான் நான் எந்த ஊசின்னு முடிவு பண்ணணும்."

"என்னைய ஒண்ணும் கேக்காதிய டாக்டரம்மா. ஒங்களக் கும்பிடுதேன். எம்பிள்ள இல்ல இவன். அத்த தவிடு குடுத்து வாங்கிட்டு, பெறகுதான் எங்கையில தந்தாவ. நான் வாயத் தொறக்கக் கூடாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளையை விலைக்கு வாங்கினார்களா என்று நடுங்கினேன். டாக்டர் நடுங்கவில்லை. அவர் முதலில் வேலை பார்த்தது கோவில்பட்டிப் பக்கம். குழந்தையின் மூக்கை ஒரு விரலால் தொட்டார். அப்புறம் பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வாயத் தொறக்க வேண்டாம். நான் சொல்றேன். தப்பா இருந்தா மட்டும் தலைய ஆட்டு. சரியா இருந்தா சும்மா இரு."

அறையில் சலைன் சொட்டு விழுவது கேட்டது. எண்ண ஆரம்பித்து நிறுத்தினேன்.

"இவனுக்கு முன்னாடி பிறந்துச்சு. தங்கல."

பேச்சியம்மாள் அசையவில்லை.

"ஒண்ணு இல்ல. ரெண்டு."

அசையவில்லை.

"ரெண்டும் ஆம்பளப் பிள்ள. பிறக்கும்போது நல்லா இருந்துச்சு. மாசம் முடியுறதுக்குள்ள வாந்தி. பால் குடிக்கக் குடிக்கக் காஞ்சுபோச்சு. கறுத்துச்சு. வயித்துப்போக்குன்னு எழுதியிருப்பாங்க, இல்ல ஒண்ணுமே எழுதியிருக்க மாட்டாங்க."

கண்ணீர் மட்டும் நேராக இறங்கி மடியில் விழுந்தது. தலை ஆடவில்லை.

"இவர் உனக்கு அத்த மகனா, மாமன் மகனா?"

அதற்கு வாசலில் நின்ற இசக்கிமுத்து பதில் சொன்னார். "மாமன் மகன் டாக்டரம்மா. அவ எனக்கு அத்த மக." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூத்த குழந்தைகள் தங்காவிட்டால் அடுத்ததற்கு மூக்குக் குத்துவார்கள். தவிட்டுக்கு வாங்கி, அடுத்தவர் பிள்ளைபோல வளர்ப்பார்கள். எமன் வந்து பார்த்தால் இது அவர்கள் பிள்ளை இல்லை, இது ஆணும் இல்லை என்று போய்விட வேண்டும். இறந்தவர்களைத் தாய் எண்ணிச் சொல்லிவிட்டால் இவனும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவான். அதற்காகத்தான் பேச்சியம்மாள் முதல் பிரசவம் என்றார், அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார், இரண்டு குழந்தைகள் போன அம்மா வீட்டுக்குப் போக மறுத்தார். இவற்றை டாக்டர் பின்னால் எனக்கு விளக்கினார்.

அந்த நேரத்தில் அவர் செய்தது வேறு. எழுந்துபோய் அவசரத் தட்டைத் திறந்து, இளைப்பு வந்தவர்களுக்குப் போடுவதற்கு வைத்திருக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி மருந்தை எடுத்தார். முதலில் குழந்தையின் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அளந்து போட்டார். மருந்து உள்ளே போகும்போது அவர் உதடுகள் அசைந்தன. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். எடையையும் அளவையும் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் சென்னைக்குக் கிளம்பும்போது குழந்தை ஒரு முறை அழுதது. மெல்லிய அழுகை. லோகநாயகி, "அழுவுது சார், அழுவுது சார்" என்று என் தோளில் அடித்தார்.

சென்னையில் சோதித்தபோது ரத்தத்தில் உப்புச் சத்து அடியோடு குறைந்திருந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பியில் பிறவியிலேயே ஒரு குறை. உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாமல் சிறுநீரில் விட்டுவிடும். தாய் தந்தை இருவரிடமும் நோயாக வெளிப்படாமல் ஒளிந்திருந்து, பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்து வரும். ஆயுள் முழுக்க மாத்திரை. குழந்தைப் பருவத்தில் கொஞ்சம் உப்பும் அளந்து கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். அவ்வளவு செய்தால் எல்லோரையும்போல வளரும்.

இசக்கிமுத்துவிடம் இதைச் சொன்னேன்.

"எங்க அய்யா சாவுற வரைக்கும் உப்பளத்துலதான் கெடந்தாரு சார். கால் வெடிச்சு, கண்ணு போயி, உப்ப வாரி வாரிக் குமிச்சாரு. அவரு பேரனுக்கு உப்பு பத்தலையாம்லா." சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அபூர்வ நோய் என்றதும் எல்லோரும் கோடி ரூபாய் ஊசியைத்தான் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவையும் இருக்கின்றன. அரசு அவற்றை வகை பிரித்துக் கொள்கை வகுத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் விலை குறைந்த மருந்து கடையில் கிடைக்காததால் சாகிற குழந்தையும் உண்டு. இந்த மாத்திரையை அதிகம் பேர் கேட்பதில்லை, அதனால் கடைக்காரர் வாங்கி வைப்பதில்லை. மாதக் கடைசியில் எனக்கு ஒரே கேள்விதான். இசக்கிமுத்து வீட்டில் மாத்திரை இருக்குமா? பஸ் போகிற வழியில் பார்க்கும் ஒவ்வொரு மருந்துக் கடையிலும் இறங்கிக் கேட்டிருக்கிறேன்.

மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் டாக்டர் இந்த மாத்திரையை அரசுக் கொள்முதலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். கூட்டம் நடத்திய அதிகாரி நல்ல மனிதர்தான். கொஞ்சம் களைத்திருந்தார்.

"உங்க வட்டாரத்துல எத்தன கேஸ் டாக்டர்?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுக்கு எப்படி டாக்டர் கொள்முதல் போடறது?"

"ஒரு தடவதான் சார் தேடினோம். அதனாலதான் ஒண்ணு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்த வட்டாரத்துலயும் தேடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். "சொல்லுங்க சார்" என்றார் டாக்டர். மாத்திரை வர வெகுகாலம் ஆனது. அதுவரை சென்னை மருத்துவமனையிலிருந்து யாராவது போகிற வருகிற வழியில் வாங்கி வந்தோம். பெரும்பாலும் நான்.

அதற்குப் பிறகு "மற்றவை" என்று எழுதிய வீடுகளுக்கெல்லாம் டாக்டர் என்னையும் லோகநாயகியையும் மறுபடி அனுப்பினார். ஒன்றுக்கு மேல் குழந்தை போன வீடு எது, சொந்தத்தில் திருமணமா, எந்த வயதில் போனது, எப்படிப் போனது. ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆராய்ச்சி, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அழுகை ஓயக் காத்திருப்பதுதான். கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. டாக்டர் செய்ததுபோல நாங்கள் சொல்வோம், அவர்கள் சும்மா இருப்பார்கள். இப்படி வேறு நோய்கள் இருந்த வீடுகளும் கிடைத்தன. சிலவற்றுக்கு மருந்தே இல்லை. அந்த வாசல்களிலிருந்து நடந்து திரும்பியதெல்லாம் இன்றும் மத்தியானத் தூக்கத்தில் வருகிறது. நடந்துகொண்டே இருப்பேன், வீடு வராது.

பயிற்சி அறையில் கண்ணை மூடியவன் திறந்தபோது எல்லோரும் எழுந்து போயிருந்தார்கள். வெளியே வந்தேன். தாழ்வாரத்து பெஞ்சில் மடியில் பச்சைக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நெடுநெடுவென்று ஒரு பையன். மூக்கின் ஓரத்தில் கடுகளவு தழும்பு.

"சார், என்னைத் தெரியலையா? பேச்சி!"

இத்தனை வருடம் பயந்து, வேண்டாம் என்றிருந்து, பிறகு துணிந்திருக்கிறார்கள். பிரசவம் பார்த்த சென்னை மருத்துவமனையிலேயே குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு அன்று வந்திருந்தது. இவனுக்கும் இருக்கிறது. அதைச் சொன்னபோது பேச்சியம்மாளின் குரல் நடுங்கவில்லை. நான்தான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாத்திர? மாத்திர இருக்கா?"

"காலையிலயே குடுத்துட்டாவ சார். பொடிச்சுப் பாலுல கலந்து ஊட்டியாச்சு. கக்கல."

குழந்தை தூங்கியது. சிவந்த, சுருங்கிய, நிம்மதியான முகம். நான் குனிந்து மூக்கைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"குத்தலையா?"

"மூக்குல எதுக்கு சார்? அதான் குதிகால்ல குத்தியாச்சுல்லா."

துணியை விலக்கிக் காட்டினார். குதிகாலின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. சரியான இடத்தில்தான் குத்தியிருந்தார்கள்.

அப்போது சரண்யா அட்டைகளோடு வந்தார். புதுக் குழந்தைக்கு மருந்து அட்டை எழுத வேண்டும். எதிரில் நின்ற பையனைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பாதி எழுதிக்கொண்டு, பேச்சுக்காகக் கேட்டார்.

"இது ரெண்டாவது குழந்தைதானேம்மா?"

பேச்சியம்மாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். தாழ்வாரத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்.

"நாலாவது."